தோண்டுவதும் மூடுவதும்

சென்ற மாதம் எங்கள் செம்பாக்கத்தில் ஒரு திருவிழா நடந்தது. கொடியேற்றம் இல்லை, மேளம் இல்லை. ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. தெருவில் குழாய் பதிப்பதற்காக ஒரு மஞ்சள் யந்திரம் வந்து மண்ணைத் தோண்டியது. அவ்வளவுதான் விசேஷம். பால் வாங்கப் போனவர் பாலை மறந்தார். ஆபீஸுக்குப் புறப்பட்டவர் ரயிலை மறந்தார். பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் நாற்காலியையே வாசலில் கொண்டுவந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யந்திரம் தன் நீண்ட கையை நீட்டி, மண்ணை வாரி, திரும்பிக் கொட்டிற்று. மறுபடியும் நீட்டிற்று. இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. ஆனாலும் ஒருவராவது நகர வேண்டுமே! நானும் நகரவில்லை என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இந்த யந்திரத்துக்கு நம் ஜனங்கள் இரண்டு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று பொக்லைன், மற்றொன்று ஜே.சி.பி. இரண்டும் தமிழ்ப் பெயர்கள் அல்ல; யந்திரத்தின் பெயர்களும் அல்ல. பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். ஜே.சி.பி. என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் 1945-ம் வருஷத்தில் ஆரம்பித்த தொழிலுக்கு அவர் தம் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு இட்ட பெயர். எந்தக் கம்பெனி செய்த யந்திரமாயிருந்தாலும் நமக்கு அது பொக்லைன்தான், அல்லது ஜே.சி.பி.தான். கம்பெனிக்காரர்கள் கோடி ரூபாய் செலவழித்து விளம்பரம் செய்தாலும் கிடைக்காத கீர்த்தி இது.

கூட்டத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவனும் நின்றான். ஏழாம் வகுப்புப் பையன். "சார், இதைவிடப் பெரிய மிஷின் உண்டா?" என்று கேட்டான். உபாத்தியாயரைப் பார்த்துக் கேள்வி கேட்பதில் ஓர் அபாயம் உண்டு. பதில் அந்தத் தெருவோடு முடியாது. அன்று பையனுக்குப் பாதி சொன்னேன். மீதியை நேயர்களுக்குச் சொல்கிறேன்.

*

பெரிய யந்திரத்துக்குப் போவதற்கு முன்னால், எல்லாவற்றிலும் சிறிய ஒன்றைச் சொல்ல வேண்டும். அது எங்கள் ஊருக்கு வெகு சமீபத்தில் கிடைத்தது. 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர், பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். ஆதி மனிதன் கையால் கொத்திச் செய்த கற்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலத்தின் ஆராய்ச்சிக்கே பிள்ளையார் சுழி போட்ட கல் அதுதான். அதே வருஷத்தில் பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் அவரும் அவருடைய சகாக்களும் இத்தகைய கற்களைக் கண்டார்கள். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் வருஷங்களுக்கு முற்பட்டவை என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

இத்தகைய கல்லைக் கொண்டு மனிதன் இறைச்சியை அறுத்தான், மரத்தைச் செதுக்கினான், கிழங்கும் தோண்டியிருப்பான் என்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் கல்! அதிலிருந்து மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் வந்து சேர லட்சக்கணக்கான வருஷங்கள் ஆயின. மண்வெட்டியிலிருந்து யந்திரத்துக்கு வந்ததோ நேற்று நடந்த கதை. அமெரிக்காவில் ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்த வில்லியம் ஓட்டிஸ் என்ற இளைஞர், நீராவியால் இயங்கும் மண்வாரி ஒன்றை அமைத்து, 1839-ம் வருஷத்தில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பாவம், அதே வருஷத்தில் காலமானார். அவருடைய யந்திரத்தின் சந்ததிகள்தாம் பிற்காலத்தில் பனாமாக் கால்வாயை வெட்டின. நீராவிக்குப் பிறகு டீஸல் வந்தது. சங்கிலிக்கும் இரும்புக் கயிற்றுக்கும் பதிலாக, எண்ணெயின் அழுத்தத்தால் மடங்கி நீளும் கைகள் வந்தன. எங்கள் தெருவுக்கு வந்த மஞ்சள் யந்திரம் அந்த வம்சத்துக் கடைக்குட்டி.

இனி மூத்த அண்ணன்மாரைப் பார்க்கலாம். அதற்கு விருத்தாசலம் பக்கம் போக வேண்டும்.

*

நெய்வேலியின் கதை ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930-களின் நடுவில், ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. அதோடு கரிய துகள்களும் வந்தன. வேறொருவராயிருந்தால் "நல்ல தண்ணீர் வந்தால் போதும்" என்று இருந்திருப்பார். முதலியார் சர்க்காருக்குத் தெரிவித்தார். பூகர்ப்ப நிபுணர்கள் வந்தார்கள், துளைகள் போட்டார்கள். அடியில் பரந்து கிடந்தது பழுப்பு நிலக்கரி என்று நிச்சயமாயிற்று. பல கோடி வருஷங்களுக்கு முன்னால் அங்கே நின்ற காடு மண்ணுக்குள் புதைந்து, முழு நிலக்கரியாக முதிராமல் பாதி வழியில் நின்றுவிட்ட பொருள் அது.

தமிழ்நாட்டுக்கு அப்போது நிலக்கரி வேண்டுமென்றால் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வர வேண்டும். காலடியிலேயே நிதி இருக்கிறதென்று தெரிந்ததும் விடுவார்களா? 1956-ம் வருஷம் நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மேல் மண்ணை நீக்கி, கரியின் முகத்தைக் காண நாலு வருஷத்துக்கு மேல் பிடித்தது. 1961-ம் வருஷம் ஆகஸ்டில்தான் கரி வெளிப்பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. அந்த முதல் அனல் மின்நிலையம் 58 வருஷம் உழைத்துவிட்டு 2020-ம் வருஷத்தில் ஓய்வு பெற்றது. கார்ப்பரேஷனும் 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாறியிருக்கிறது.

நாலு வருஷம் ஏன் பிடித்தது? கரி கிடக்கும் ஆழம் ஒரு காரணம். மேலே 50 மீட்டர், சில இடங்களில் 100 மீட்டர் வரையில் மண்ணும் மணற்பாறையும் மூடியிருக்கின்றன. செம்பாக்கத்தில் 15 மாடிக் கட்டிடம் ஒன்று இருந்து, அதை அப்படியே பூமிக்குள் இறக்கினால், பிறகும் கரி தட்டுப்பட்டாலும் படலாம், படாமலும் போகலாம். இரண்டாவது காரணம் தண்ணீர். முதலியாரின் கிணற்றில் பீறிட்ட அதே தண்ணீர்தான். கரிப் படுகைக்குக் கீழே ஓர் ஊற்று மண்டலம், ஒவ்வொரு சதுர செண்டிமீட்டரிலும் 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேலேயுள்ள மண்ணின் பாரத்தை எடுத்துவிட்டால், அடித்தளமே வெடித்துச் சுரங்கம் ஏரியாகிவிடும். ஆகையால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே தோண்ட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது காரணத்தைச் சொல்வதற்கு அந்த யந்திரத்தையே வர்ணிக்க வேண்டும்.

*

திருவிழாவில் ராட்டினம் பார்த்திருக்கிறீர்கள். அதில் குழந்தைகள் உட்காரும் பெட்டிகளை எடுத்துவிட்டு, எஃகுப் பற்கள் வைத்த வாளிகளை மாட்டுங்கள். அந்த ராட்டினத்தை ஒரு நீண்ட இரும்புக் கையின் நுனியில் பொருத்துங்கள். கைக்குப் பின்னால் ஒரு நாலு மாடி வீட்டையும், வீட்டுக்கு அடியில் டாங்கிகளுக்கு இருப்பது போன்ற சங்கிலிச் சக்கரங்களையும் வையுங்கள். இதுதான் வாளிச் சக்கர யந்திரம். சக்கரம் சுழல்கிறது, கை இடமும் வலமுமாக ஆடுகிறது. ஒவ்வொரு வாளியும் மண்சுவரிலிருந்து ஒரு சீவல் சீவிக்கொண்டு மேலே போய், உச்சியில் கவிழ்ந்து, ஓடும் ரப்பர் வார்மீது கொட்டுகிறது. வார் அந்த மண்ணை யந்திரத்தின் வயிற்றின் வழியாகக் கொண்டுபோய் அடுத்த வாரில் சேர்க்கிறது. எங்கள் தெரு யந்திரம் வாரும், திரும்பும், கொட்டும், மறுபடி வரும். நேரத்தில் பாதி வீண். வாளிச் சக்கரத்துக்கோ நிற்பதென்பதே கிடையாது.

நெய்வேலியில் உள்ள பெரிய யந்திரங்களின் ஒரு வாளி 1,400 லிட்டர் கொள்ளும். நம் வீட்டுக் குளியலறை வாளியால் 70 வாளி! யந்திரங்கள் ஓடுவது மின்சாரத்தால். அந்த மின்சாரம் கரியிலிருந்து வருகிறது. கரியை எடுத்துத் தருவது அந்த யந்திரம். தன் சாப்பாட்டைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் பிள்ளை என்று சொல்லலாம்.

இந்த யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அங்கே ரைன் நதிப் பிரதேசத்தில் மிருதுவான மண்ணைத் தோண்டிப் பழகியவை. நம் கடலூர் மணற்பாறையை அவை கண்டதில்லை. முதல் வருஷங்களில் பாறை யந்திரத்தைத் தின்றதா, யந்திரம் பாறையைத் தின்றதா என்று சொல்ல முடியாதபடி, வாளிகளின் பற்கள் தேய்ந்து தேய்ந்து விழுந்தன. நம் எஞ்சினீயர்கள் பற்களின் அமைப்பை மாற்றினார்கள். பாறையை முதலில் வெடி வைத்துத் தளர்த்திவிட்டுப் பிறகு சக்கரத்தை விட்டார்கள். இதுவே மூன்றாவது காரணம். வெளிநாட்டு யந்திரத்துக்கு நம் மண்ணின் பாஷையைக் கற்றுக்கொடுத்தவர்கள் நம்மவர்கள் என்பதில் நாம் நியாயமாகவே பெருமை கொள்ளலாம்.

உலகத்தில் இந்த ஜாதிக்கு ராட்சதர்களும் உண்டு. ஜெர்மனியில் க்ருப் கம்பெனி 1978-ம் வருஷத்தில் கட்டி முடித்த 'பாகர் 288' என்பது 220 மீட்டர் நீளம், 96 மீட்டர் உயரம், 13,500 டன் எடை. ஒரு நாளில் 2,40,000 கன மீட்டர் மண்ணை அள்ளக்கூடியது. 2001-ல் அதை ஒரு சுரங்கத்திலிருந்து இன்னொரு சுரங்கத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. 22 கிலோ மீட்டர் தூரத்தைக் கடக்க மூன்று வாரம் ஆயிற்று. தாம்பரத்திலிருந்து பூங்காநகருக்கு உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். நம் மின்சார ரயில் சில சமயம் நடு வழியில் நிற்கும்போது நான் பாகரை நினைத்து மனத்தைத் தேற்றிக்கொள்வதுண்டு.

*

என் வீட்டு அம்மாளுக்கு இந்தப் புள்ளிகளில் சிரத்தை இல்லை. "அதெல்லாம் சரி, நம் வீட்டு விளக்குக்கு எவ்வளவு மண்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கணக்குப் போட்டேன்.

நெய்வேலியில் ஒரு டன் கரி எடுக்க 5 அல்லது 6 கன மீட்டர் மேல் மண்ணை நீக்க வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி செலவாகிறது. ஆகவே ஒரு யூனிட்டுக்கு 5 அல்லது 6 லிட்டர் மண். இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு இரண்டரை முதல் மூன்று கன மீட்டர். வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்: மணல் வியாபாரத்திலும் 'யூனிட்' என்று ஓர் அளவு உண்டு. 100 கன அடி ஒரு யூனிட். அது ஏறக்குறைய 2.8 கன மீட்டர். ஆக, 500 யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் மண்! நம் மின்சாரம் முழுவதும் நெய்வேலியிலிருந்து வருவதில்லை. நீர், காற்று, சூரியன், அணு என்று பல வழிகள் உண்டு. ஆனால் வருகிற மட்டில் கணக்கு இதுதான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்சாரக் கட்டணச் சீட்டு வரும்போது, வாசலில் ஒரு லாரி மண்ணையும் கொண்டுவந்து கொட்டினால் நாம் விசிறியை நிறுத்துவதில் கொஞ்சம் அதிக ஜாக்கிரதை காட்டுவோம்.

தண்ணீரும் அப்படியே. 2019-ம் வருஷக் கோடையை எங்கள் பக்கத்தார் மறக்க மாட்டார்கள். சென்னையின் ஏரிகள் வறண்டன. மாங்காட்டுக்கு அருகில் சிக்கராயபுரத்தில் கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்தம் செய்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைத்த நீரும் குழாய் வழியாகச் சென்னைக்கு வந்தது. யந்திரங்கள் தோண்டிய குழிகளின் தயவில் நாம் அந்தக் கோடையைக் கடந்தோம் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

*

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். முன்னே சொன்ன அதே மாணவன் எழுந்தான். "சார், எங்க தாத்தா அந்தப் பக்கந்தான். சுரங்கத்திலே வேலை பார்த்தாராம். அவர் பொறந்த வீடும் சுரங்கத்துக்குள்ளேதான் போச்சாம்" என்றான்.

அவன் பெருமையாகத்தான் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாத்தாவை அவர்கள் வீட்டில் சந்தித்தேன். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். யந்திரத்தைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் மலர்ந்தது. சக்கரம் சுழலும் சப்தத்தைக் கேட்டே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்வாராம். யாரையும் அவர் குறை சொல்லவில்லை. "பணம் குடுத்தாங்க, வேலையும் குடுத்தாங்க. பசங்க படிச்சாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க ஊர்லே ஐயனார் கோயில் ஒண்ணு இருந்துது சார். அது எந்த எடம்னு காட்டச் சொன்னா எனக்கே தெரியலே. பூமியே இல்லியே, எங்கே போயி நிக்கிறது?" என்றார்.

இதற்கு எந்த உபாத்தியாயரிடமும் பதில் இல்லை.

வீட்டை விற்றவன் அந்தத் தெரு வழியாகப் போகலாம். ஊரை விட்டுப் பிழைக்கப் போனவன் பொங்கலுக்குத் திரும்பி வரலாம். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவனுக்கு மட்டும் திரும்பி வந்து நிற்பதற்கு ஓர் அடி மண் கிடையாது. இந்த நஷ்டத்தை ஏக்கருக்கு இவ்வளவு என்று எழுத எந்தத் தஸ்தாவேஜிலும் பத்தி இல்லை.

2023-ம் வருஷம் ஜூலை மாதம் 26-ந் தேதி, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காகத் தோண்டும் யந்திரங்கள் பயிர் நின்ற வயலில் இறங்கின. நிலம் வெகு நாளைக்கு முன்பே சட்டப்படி எடுத்துப் பணம் கொடுத்தாயிற்று, பயிரிட வேண்டாமென்றும் சொல்லியாயிற்று என்றது நிர்வாகம். கொடுத்தது போதாது, விளைந்த நெல்லையாவது அறுக்க விட்டிருக்கக் கூடாதா என்றார்கள் விவசாயிகள். விஷயம் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. சட்டம் யார் பக்கம் என்பதை நீதிபதிகள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் கதிர் வைக்கும் பயிர்மீது இரும்புச் சங்கிலி ஏறுவதைப் படத்தில் கண்டபோது, சோறு தின்கிற எவனுக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த சங்கடம் என்று எண்ண வேண்டாம். அதே வருஷம் ஜனவரியில் ஜெர்மனியில், கார்ட்ஸ்வைலர் சுரங்கத்துக்காக லூட்ஸெராட் என்ற சிற்றூரைப் போலீஸார் காலி செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சேற்றில் நின்று எதிர்த்தார்கள். அதே சுரங்கத்துக்காக 2018-ல் இம்மெராட் என்னும் ஊரின் பழைய மாதா கோயில் அளவான பெரிய தேவாலயத்தை இடித்தார்கள். செல்வம் மிகுந்த தேசத்திலும் கோயில் போனால் போனதுதான்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. அதே 2023-ம் வருஷம் ஏப்ரலில், காவிரிப் பாசனப் பகுதியிலும் அதை ஒட்டியும் உள்ள வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்ற மூன்று கரிப் பகுதிகளை ஏல ஜாபிதாவிலிருந்து மத்திய சர்க்கார் நீக்கியது. யந்திரம் போகக்கூடாத இடமும் உண்டு என்று ஒரு தேசம் தீர்மானிக்க முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

*

அப்படியானால் யந்திரமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. மின்சார விளக்கின் கீழ் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டு, அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. நெய்வேலி இல்லாவிட்டால் தமிழ்நாட்டின் எத்தனையோ ஆலைகளும் பம்பு செட்டுகளும் பள்ளிக்கூடங்களும் இருளில் கிடந்திருக்கும். நான் சொல்ல விரும்புவது வேறு.

வாளிச் சக்கரத்துக்கு ஒரு ஜோடி யந்திரம் உண்டு. அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. சுரங்கத்தின் மறு பக்கத்தில், கரி எடுத்து முடிந்த பள்ளத்தில், வார் கொண்டுவரும் மண்ணை வாங்கிப் பரப்பிக்கொண்டே போகும் யந்திரம் அது. முன்னது தோண்டுகிறது, பின்னது மூடுகிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் சுரங்கம் ஒழுங்காக நடக்கிறதென்று அர்த்தம். நெய்வேலியில் மூடிய இடங்களில் மரம் நட்டிருக்கிறார்கள். தோப்பாக வளர்ந்த இடங்களும் உண்டு. ஆனால் வயலை வயலாகத் திரும்பச் செய்வது லேசான காரியம் அல்ல. மேலாக இருக்கும் அரை முழம் மண்தான் உயிருள்ள மண். அதைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தி, கடைசியில் மேலே பரப்ப வேண்டும். அடி மண் மேலே வந்து விட்டால், அதில் புல் முளைக்கவே பல வருஷம் பாடுபட வேண்டும்.

தோண்டியதற்குக் கணக்கு இருக்கிறது: இத்தனை லட்சம் டன், இத்தனை கன மீட்டர் என்று வருஷா வருஷம் பத்திரிகையில் வருகிறது. மூடியதற்கும் அதே பத்தியில், அதே எழுத்தளவில் கணக்கு வர வேண்டும். எத்தனை ஏக்கர் திரும்ப விளைநிலம் ஆயிற்று, நிலம் கொடுத்த குடும்பங்களில் எத்தனை பேர் நிமிர்ந்து நிற்கிறார்கள், எத்தனை பேருக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று தெரிய வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்பது நிலம் இழந்தவர்களின் வேலை மட்டும் அல்ல. விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நம் வேலையுங்கூட.

எங்கள் தெருக் கதையை முடித்து விடுகிறேன். அந்த மஞ்சள் யந்திரம் ஒரு மணி நேரத்தில் பள்ளம் தோண்டிவிட்டுப் போயிற்று. குழாயும் பதித்தாயிற்று. மூடுவதற்குத்தான் காண்டிராக்டருக்குச் சாவகாசம் இல்லை. ஒரு மழை பெய்தது. பால்காரர் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். மறுநாள் காலையில், தோண்டும்போது நாற்காலி போட்டுப் பார்த்த அதே பென்ஷன் பெரியவர், ஒரு மண்வெட்டியோடு வெளியே வந்தார். என் மாணவன் ஒரு கூடையோடு வந்தான். பிறகு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்தோம். சாயங்காலத்துக்குள் பள்ளம் மூடியாயிற்று.

தோண்டியபோது கூடிய கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட மூடியபோது இல்லை.